செங்கல் கிடங்குக்குள் ஒரு குளம்

ரொறன்ரோவுக்கு வருகிற சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் போகிற இடங்கள் எல்லாருக்கும் பாடம். நயாகரா, சி.என். கோபுரம், ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில், இரண்டு நாள் லீவு கிடைத்தால் ஆயிரம் தீவுகள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நகரத்தின் நடுவிலேயே, எங்கட ஆட்கள் வந்த புதிதில் அடுக்குமாடிகளில் நெருக்கியடித்து இருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. நூறு வருடம் மண் தோண்டின கிடங்கு. இப்போது அதற்குள் குளங்கள். குளங்களைச் சுற்றி நடைபாதை. அந்தக் கிடங்கின் கதையைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

(தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் ஊரில் கிடங்கு என்றால் சாமான் அடுக்கி வைக்கிற கோடவுன். எங்களுக்குக் கிடங்கு என்றால் பள்ளம், குழி. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், பின்னேரம் தவளை கத்தும், அந்தக் கிடங்கு.)

இடத்தின் பெயர் டொன் வலி பிறிக் வேர்க்ஸ். டொன் ஆறு நகரத்தை வடக்குத் தெற்காக வெட்டிக்கொண்டு ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேற்குக் கரையில், பேவியூ அவெனியூவில், புளோர் தெருப் பாலத்துக்குச் சற்று வடக்கே இந்த இடம். மேலே றோஸ்டேல். நகரத்தின் பழைய பணக்காரர் இருக்கிற பகுதி. கீழே பள்ளத்தில் சூளையும் புகையும் தொழிலாளரும். மேட்டில் ஆர், பள்ளத்தில் ஆர் என்பது எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான் போல.

கதை இப்படித் தொடங்குகிறது. டெய்லர் குடும்பம் என்று ஒன்று. டொன் ஆற்றங்கரையில் காகித ஆலை நடத்தியவர்கள். 1882 அளவில் வில்லியம் டெய்லர் என்பவர் வேலிக் கட்டை நட மண்ணைத் தோண்டும்போது நல்ல களி மண் வந்ததாம். அதைச் சுட்டுப் பார்த்தால் அருமையான செங்கல். சகோதரர்கள் சேர்ந்து 1889-இல் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். 1893-இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்தக் கல்லுக்குப் பரிசு கிடைத்தது. வேலிக் கட்டைக் கதை எவ்வளவுக்கு உண்மை என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. முதலாளிமாரின் கதைகள் எல்லாம் இப்படி ஒரு தற்செயலில்தான் தொடங்கும். ஆனால் வேலிக் கட்டைக்குத் தோண்டுகிற குழி எவ்வளவு ஆழம் என்று எங்கட ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆழத்தில் களி தட்டுப்பட்டது என்பதை நம்பலாம்.

டெய்லர் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் என்னவென்றால் அந்த இடத்தில் ஒன்றல்ல, இரண்டு சாமான் இருந்தது. மேலே களி. அதற்குக் கீழே, அடியில், ஷேல் என்கிற படைபடையாக உடையும் களிப்பாறை. களியில் இருந்து ஒருவகைக் கல், பாறையை உடைத்து அரைத்து இறுக்கி அழுத்தினால் இன்னொரு வகை, கடினமான கல். மண், பாறை, பக்கத்தில் ஆற்றுத் தண்ணீர், பக்கத்திலேயே ரயில் பாதை. வேறென்ன வேண்டும்?

பிறகு நெருப்பு வந்தது. 1904 ஏப்ரல் 19 இரவு ரொறன்ரோ நகர மத்தி எரிந்தது. நூறுக்கு மேற்பட்ட கட்டிடங்கள் போயின, ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை இல்லாமல் போனது. அதற்குப் பிறகு கட்டிட விதிகள் இறுகின. மரத்தை விட்டுவிட்டுச் செங்கல்லால் கட்டு என்றார்கள். ஒருவனுடைய நெருப்பு இன்னொருவனுக்கு அடுப்பு. உச்சத்தில் வருடத்துக்கு நாலு கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள் இந்த ஒரு கிடங்கில் இருந்து வெளியே போனதாகக் கணக்கு. காசா லோமா கோட்டை, மஸ்ஸி ஹோல், குயின்ஸ் பார்க்கில் இருக்கிற மாகாண சட்டமன்றம் என்று நீங்கள் படம் எடுத்து முகநூலில் போட்ட கட்டிடங்களில் எல்லாம் இந்தக் கிடங்கின் மண் இருக்கிறது. பெயர் இல்லாத ஆயிரக்கணக்கான வீடுகளிலும் இருக்கிறது. கபேஜ்ரவுண், றிவர்டேல் பக்கத்துச் சிவத்த வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் யோசிப்பது, ஒரு முழு நகரத்தைத் தோண்டி எடுத்த பள்ளம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று.

செங்கல் செய்வது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது போகிறவர்கள் அழகான சுவரையும் கோப்பிக் கடையையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பாறையை வெடி வைத்து உடைப்பார்கள். பிறகு அள்ளி ஏற்றி ஆலைக்குக் கொண்டுவந்து மாவாக அரைப்பார்கள். களியைத் தண்ணீரோடு குழைப்பார்கள். அச்சில் அழுத்திப் பச்சைக் கல்லாக எடுத்து முதலில் காய வைக்க வேண்டும். ஈரம் போகாமல் நெருப்புக்குள் வைத்தால் வெடித்துவிடும். காய்ந்த பிறகு சூளை. ஆயிரம் பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏற்றி, நாட்கணக்கில் வைத்து, மெல்ல மெல்ல ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் கல் பிளக்கும். நீளமான சுரங்கம் மாதிரி இருக்கிற சூளைகள் இன்றைக்கும் உள்ளே நிற்கின்றன. நான் வேலை செய்கிற குசினியில் அவண் வாசலில் எட்டு மணித்தியாலம் நிற்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். அந்தச் சூளைகளின் நீளத்தை ஒருக்கால் நடந்து பாருங்கள். ஜூலை மாதத்தில் அதற்குப் பக்கத்தில் நின்று கல் ஏற்றி இறக்கினவனை நினைத்தால் எனக்கு எங்கட போறணைக்காரர் ஞாபகம்தான் வரும். போறணையில் பாண் வரும், இங்கே கல்.

இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கேயும் மாட்டப்பட்டிருக்கவில்லை. முதலாளிகளின் பெயர் வரிசையாக இருக்கிறது. டெய்லர் சகோதரர், 1901-க்குப் பிறகு றொபேட் டேவிஸ், பிறகு கொம்பனிகள். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் ஆள் பற்றாக்குறை வந்தபோது ஜேர்மன் யுத்தக் கைதிகளைக் கொண்டுவந்து இங்கே வேலை வாங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால் 1956-இல் தொழிற்சாலையையே ஒரு ஜேர்மன் கொம்பனி வாங்கியது. கைதியாக மண் சுமந்தவன் நாட்டு ஆட்கள் பத்து வருடம் கழித்து முதலாளியாக வந்தார்கள். சரித்திரம் சில நேரம் இப்படிப் பகிடி விடும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. நான் கம்பஸில் இரண்டு வருடம் புவியியல் படித்து, முடிக்காமல் நாட்டை விட்டு வெளிக்கிட்டவன். ஆகவே வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

கிடங்கின் வடக்குப் பக்கத்தில் ஒரு செங்குத்தான மண் சுவர் இருக்கிறது. சும்மா பார்த்தால் சரிந்த மண், அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் பனியுகத்தைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு இது பெயர் பெற்ற சுவர். ஆர்தர் பிலிமன் கோல்மன் என்று ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் ஒரு புவியியல் பேராசிரியர் இருந்தார் (1852-1939). மலை ஏறுவார், படம் கீறுவார், கல்லும் உடைப்பார். 1890-களில் இருந்து அவர் இந்தக் கிடங்குக்கு வந்து, தொழிலாளர் தோண்டத் தோண்ட வெளியே வருகிற மண் படைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடியில் இருக்கிற ஷேல் பாறை ஏறக்குறைய 45 கோடி வருடம் பழசு. அப்போது இது வெப்பமான ஆழங்குறைந்த கடல். சிப்பி மாதிரியான கடல் உயிர்களின் அச்சு அதில் இருக்கிறது. அதற்கு மேலே ஒரே பாய்ச்சலாக 45 கோடி வருடத்தைத் தாண்டி ஒரு பனிப்பாறை கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும் கலந்த படை. அதற்கு மேலே மணலும் களியும், டொன் படைகள் என்று பெயர். சுமார் 1,20,000 வருடம் முந்தியது. அதற்கும் மேலே திரும்பவும் குளிர் வந்ததைச் சொல்லுகிற படைகள்.

நடுவில் இருக்கிற அந்த டொன் படைகளில்தான் விசயம். அதற்குள் இருந்து எடுத்த இலை, விதை, மரத்துண்டுகளைப் பார்த்தால் இப்போதைய ரொறன்ரோவை விடக் கொஞ்சம் சூடான இடத்தில் வளர்கிற மரங்கள். அதில் ஒன்று போபோ. பெயரைக் கேட்டுப் பப்பாசி என்று நினைக்க வேண்டாம். இது எங்கட அன்னமுன்னாவின் சொந்தக்காரன், அதே குடும்பம். இப்போது ஒன்ராறியோவின் தெற்குப் பகுதியில்தான் காட்டில் இருக்கிறது. கரடி அளவு பெரிய ஒரு பீவரின் எச்சமும் கிடைத்தது. அந்த இனம் பூமியில் இப்போது இல்லை.

கீழே பனி, நடுவில் சூடு, மேலே திரும்பப் பனி. இதிலிருந்து கோல்மன் சொன்னது: பனியுகம் ஒரு தரம் வந்து ஒரு தரம் போனதல்ல. வந்தது, உருகி முற்றாகப் போனது, காடு வளர்ந்தது, மிருகம் வந்தது, பிறகு திரும்பவும் வந்தது. அந்தக் காலத்தில் இதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. வாதத்தை வெல்லும் சாட்சி ரொறன்ரோவின் ஒரு செங்கல் கிடங்கில் கிடைத்தது. தொழிற்சாலை தோண்டியிராவிட்டால் சுவர் வெளியே வந்திருக்காது. இயற்கையைக் கெடுத்த கிடங்கு என்று சொல்லுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்காபரோவில் இருக்கிறவர்கள் ஏரிக்கரையில் புளவ்ஸ் மலைச்சரிவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்தானே? அங்கே தெரிகிற படையும் இந்தச் சுவரில் தொடர்கிறது. டொன் படைக்கு மேலே இருப்பதற்கு ஸ்காபரோப் படை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கட ஆட்களின் தலைநகரத்துக்குப் புவியியலில் இப்படி ஓர் இடம்.

இப்போது மனிதரிடம் திரும்புவோம்.

1930-31 பனிக்காலம். உலகப் பொருளாதாரம் விழுந்த நேரம். வேலை இல்லாத ஆண்கள் ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். ரொறன்ரோவில் அவர்களில் பலர் படுக்க இடமில்லாமல் இந்தத் தொழிற்சாலைக்கு வந்தார்கள். காரணம் சூளை. இரவு முழுக்கச் சூடு இருக்கும். செங்கல் சுடுகிற இடத்துக்குப் பக்கத்தில், சுட்டு ஆறிக்கொண்டிருக்கிற கல்லோடு முதுகை ஒட்டிக்கொண்டு படுத்தார்கள். சூடு குறைந்த பிறகு இன்னொரு சூளைக்கு மாறினார்கள். வெயில் காலம் வந்ததும் ஆற்றங்கரைத் தட்டையில் தகரமும் பலகையும் வைத்துக் கொட்டில் போட்டார்கள். 1931-இன் கடைசியில் நகரசபை அதை அப்புறப்படுத்தியது.

இதை நான் முதலில் வாசித்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் வந்தது 2007-இல். அந்தப் பனிக்காலம் கொட்டித் தள்ளியது. இருந்த அறையை விட்டு எழும்ப வேண்டி வந்து, வேலை செய்த ரெஸ்ரோறண்டின் பின் அறையில், மாவு மூட்டைக்கும் எண்ணெய் வாளிக்கும் நடுவில் இரண்டு கிழமை படுத்தேன். (எந்த ரெஸ்ரோறண்ட் என்று கேட்க வேண்டாம். படுக்க விட்ட நாளுக்குச் சம்பளத்தில் கழித்தார்கள் என்பதோடு விடுவோம்.) அவணை நிப்பாட்டின பிறகும் விடிய இரண்டு மூன்று மணி வரைக்கும் அந்த இரும்பில் சூடு நிற்கும். அதற்குப் பிறகு உடம்பு தானாக முழிக்கும். அதனால் சூளைக்குச் சூளை மாறிப் படுத்தார்கள் என்ற ஒரு வரி எனக்குப் போதும்.

கிடங்குக்கு நேர் மேலே, மேட்டில், சோளி பார்க் என்று ஒரு பூங்கா. அங்கே முந்தி ஒரு மாளிகை இருந்தது. பிரெஞ்சு அரண்மனை மாதிரிக் கட்டி 1915-இல் முடித்தார்கள். மாகாணத்தின் துணைநிலை ஆளுநருக்கான வீடு. செலவு தாங்காமல் 1937-இல் மூடினார்கள். யுத்தத்தில் ஆஸ்பத்திரி. பிறகு 1956-இல் ஹங்கேரியில் சோவியத் தாங்கிகள் புகுந்து சனம் ஓடி வந்தபோது, அந்த அகதிகளில் கொஞ்சப் பேரை இந்த மாளிகையில் தங்க வைத்தார்கள். அந்த நேரம் கனடா சில மாதங்களுக்குள் 37,000 ஹங்கேரியரை எடுத்தது. மாளிகையை 1960-களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். இப்போது புல்லும் மரமும்தான். அங்கிருந்து வளைந்து வளைந்து ஒரு பாதை கிடங்குக்கு இறங்குகிறது.

அந்த வளைவில் இறங்கும்போது நான் போடுகிற கணக்கு இது. 1930-இல் உள்ளூர்க்காரன் சூளைக்குப் பக்கத்தில். 1956-இல் அகதி அரண்மனையில். 2010 ஆகஸ்ட்டில் சன் சீ கப்பலில் வந்த எங்கட சனம் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தடுப்புக் காவலில், அதுவும் மாதக்கணக்கில். (அதே 2010-இல்தான் இந்தப் பழைய தொழிற்சாலையைப் புதுப்பித்துச் சுற்றுச்சூழல் நிலையமாகத் திறந்தார்கள்.) 2023 கோடையில் ஆபிரிக்காவில் இருந்து வந்த அகதிகள் ரொறன்ரோ நகர மத்தியில் பீற்றர் தெரு நடைபாதையில் படுத்தார்கள். நாடு பணக்கார நாடாக ஆக ஆகக் கதவு அகலமாகும் என்று நாங்கள் நினைக்கிறோம். கணக்கு அப்படி வரவில்லை. ஹங்கேரியருக்குக் கதவு திறந்ததுக்கு மனச்சாட்சி மட்டும் காரணமில்லை, அவர்கள் தப்பி வந்தது கொம்யூனிஸ்டுகளிடம் இருந்து என்பதும் காரணம். எங்களைத் துரத்தியவர் யார் என்பது அவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை. இது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.

தொழிற்சாலை 1980-களில் ஓய்ந்தது. தோண்டத் தக்க நல்ல மண் முடிந்துகொண்டு வந்தது. 1984-இல் நிலத்தை ஒரு கட்டிடக் கொம்பனி வாங்கியது. வீடுகள் கட்டுகிற திட்டம். அக்கம்பக்கத்துச் சனமும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்து எழும்பினார்கள். கடைசியில் 1987-இல் ரொறன்ரோப் பகுதி ஆறுகளுக்குப் பொறுப்பான பாதுகாப்புச் சபை, கொம்பனி வாங்கிய விலையை விடப் பல மடங்கு கொடுத்து நிலத்தைச் சுவீகரித்தது. கொம்பனிக்கு ஒரு செங்கல் கூட அடுக்காமல் லாபம்.

அந்தப் பாதுகாப்புச் சபைக்கு இப்படி நிலம் எடுக்கிற பலம் எங்கிருந்து வந்தது என்றால் அதற்கும் ஒரு பேரிடர்தான் காரணம். 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி. ஒன்ராறியோவில் 81 பேர் செத்தார்கள். ரொறன்ரோவின் மேற்கில் ஹம்பர் ஆற்றங்கரையில் றேமோர் ட்றைவ் என்ற ஒரு தெருவில் மட்டும் 35 பேர், நித்திரையில் இருந்த வீடுகளோடு ஆறு கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வீடு கட்டக் கூடாது என்று தீர்மானித்து, 1957-இல் சபையை அமைத்து, நிலங்களை வாங்கத் தொடங்கினார்கள். ரொறன்ரோ நடுவில் இவ்வளவு காடு ஏன் மிஞ்சியது என்று புதிதாக வருகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அழகுக்காக விட்ட காடு அல்ல, பயத்தில் விட்ட காடு. ஆறும் இன்னும் மறக்கவில்லை. 2013 ஜூலை 8 மழையில் டொன் பள்ளத்தாக்கில் ஒரு ரயில் நிறையச் சனத்தோடு வெள்ளத்துக்குள் நின்று, படகில் இறக்கினார்கள். 2024 ஜூலை 16-இலும் டொன் வலி பார்க்வே ஆறாக ஓடியது.

சரி, குளம் எப்படி வந்தது? கிடங்கு அப்படியே விட முடியாத அளவு ஆழம். நகர மத்தியில் வானளாவிகளுக்கு அத்திவாரம் தோண்டிய மண்ணை லொறி லொறியாகக் கொண்டுவந்து கிடங்கின் பெரும் பகுதியை நிரப்பினார்கள். பாருங்கள், நூறு வருடம் இங்கிருந்து மண் போய் நகரம் எழும்பியது, பிறகு நகரத்து மண் இங்கே வந்து படுத்தது. நிரப்பின மண்ணில் பள்ளங்கள் விட்டு, பக்கத்தில் ஓடுகிற மட் கிறீக் என்ற சின்ன ஆற்றின் தண்ணீரை உள்ளே திருப்பினார்கள். தண்ணீர் ஒரு குளத்தில் இருந்து அடுத்த குளத்துக்கு மெல்ல நகரும். போகும் வழியில் சேறு அடியில் படியும், நாணலும் தாமரைச் சாதிச் செடிகளும் அழுக்கை இழுக்கும், மிச்சம் டொன் ஆற்றில் விழும். ஊரில் குளத்துக்கு வாய்க்கால், கலிங்கு எல்லாம் வைக்கிற அதே யோசனைதான். 1990-களின் நடுவில் வேலை நடந்து, 1997 அளவில் வெஸ்ரன் குவாறி கார்டன் என்ற பெயரில் திறந்தார்கள். கட்டிடங்கள் பிறகும் பத்துப் பதின்மூன்று வருடம் பாழாய்க் கிடந்தன. பெடியள் சுவர் முழுக்கக் கீறினார்கள். அந்தக் கீறல்களில் கொஞ்சத்தை இன்றைக்கும் அழிக்காமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்த விசயம்.

குளத்தில் இப்போது ஆமைகள் வெயில் காய்கின்றன. கொக்கு நிற்கும், மீன்கொத்தி பறக்கும், சில நேரம் பீவர் மரம் வெட்டிப் போட்டிருக்கும். கரடி அளவு பீவர் கிடைத்த அதே கிடங்கில் இப்போது நாயளவு பீவர். வீட்டில் வளர்த்து அலுத்துப்போன தங்க மீனையும் சிவப்புக் காது ஆமையையும் கொண்டுவந்து விடுகிற சனமும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அவை பெருகி, இங்கத்தைய மீனையும் ஆமையையும் தின்னவோ துரத்தவோ செய்யும். வந்தேறி என்று எங்களையே சொல்லுகிற உலகத்தில் மீனைப் பற்றி இப்படி எழுதக் கையெழும்பவில்லை, ஆனாலும் உண்மை அதுதான்.

சனிக்கிழமைச் சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரக்கறி நல்லது, விலை எங்களுக்கில்லை.

குளங்களைச் சுற்றி நடக்கும்போது எனக்குத் தெல்லிப்பழைப் பக்கம்தான் நினைவு வரும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குச் சுண்ணக்கல் தோண்டின கிடங்குகள் எங்கட வீட்டில் இருந்து அதிக தூரமில்லை. ஆலை 1950-இல் தொடங்கியது. வெடி வைக்கும்போது வீட்டு யன்னல் அதிரும், அம்மா உலையை ஒருக்கால் பிடித்துக்கொள்வார். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் நிற்கிற மழைத்தண்ணீர்தான் கிணற்றுக்கு வருகிறது. கல்லை ஆழமாகத் தோண்டினால் அந்த நன்னீருக்கு என்ன நடக்கும், கடல் நீர் உள்ளே வருமா என்று ஊரில் பெரியவர்கள் அந்த நாளிலேயே கதைத்தார்கள். 1990-இல் யுத்தத்தோடு ஆலை நின்றது. வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தது, நாங்களும்தான். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். கிடங்குகளுக்கு வேலியடித்துக் காவல் போட்டவர்கள் வேறு ஆட்கள்.

இரண்டு கிடங்கையும் ஒப்பிடுவது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஒன்றில் மண் தீர்ந்தது, மற்றதில் யுத்தம் வந்தது. ஆனால் ஒரு விசயத்தை ஒப்பிடலாம். இங்கே கிடங்கை என்ன செய்வது என்று அக்கம்பக்கத்துச் சனத்தால் கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்க முடிந்தது, ஏனென்றால் அவர்கள் வீட்டில் இருந்தார்கள். வீடு திரும்ப முப்பது வருடம் காத்திருந்த சனத்திடம் கிடங்கைப் பற்றி யார் கேட்டார்கள்?

போக நினைக்கிறவர்களுக்கு வழி. வாகனத்தில் போனால் நிறுத்தக் காசு, ஆகவே நடப்பதுதான் சுகம். வடக்கில் மூர் அவெனியூவில், மவுண்ட் பிளெசண்ட் மயானத்துக்குப் பக்கத்தில், மூர் பார்க் ஓடைப்பள்ளம் தொடங்குகிறது. அந்தப் பாதை ஒரு காலத்தில் பெல்ற் லைன் என்ற ரயில் ஓடிய தடம். 1892-இல் தொடங்கி ஆள் ஏறாமல் 1894-இல் பயணிகள் ரயிலை நிப்பாட்டினார்கள். இரண்டு வருடம்தான், ஆனால் ரயிலுக்கு வெட்டின பாதை என்றபடியால் ஏற்றம் இறக்கம் மெதுவாக இருக்கும், முழங்கால் நோ உள்ளவர்களும் நடக்கலாம். மட் கிறீக் கூடவே வரும். ஒரு மணித்தியாலத்துக்குள் கிடங்கு. சென் ஜேம்ஸ் ரவுண் பக்கமிருந்து வருகிறவர்கள் றோஸ்டேலுக்குள்ளால் வந்து மில்க்மான்ஸ் லேன் என்ற சரிவால் இறங்கலாம். குளத்தைச் சுற்றிப் பார்த்த பிறகு மேட்டுப் பார்வை இடத்துக்கு ஏறுங்கள். முன்னால் கீழே குளங்கள், பழைய ஆலையின் புகைக்கூண்டு, அதற்கு அப்பால் நகர மத்திக் கோபுரங்கள். பள்ளத்தாக்கில் தெற்கே போனால் 1918-இல் முடித்த புளோர் தெருப் பெரிய பாலம். அதைக் கட்டின மசிடோனியத் தொழிலாளரைப் பற்றி இலங்கையில் பிறந்த மைக்கல் ஒண்டாச்சி 1987-இல் ஒரு நாவல் எழுதினார். செங்கல் கிடங்கில் வேலை செய்தவர்களுக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை.

ஆற்றங்கரைப் பாதையில் போனால் மரங்களுக்குப் பின்னால் நீலத் தறப்பாள் கூடாரங்கள் தெரியக்கூடும். ஆட்கள் இருக்கிறார்கள். படம் எடுக்காமல் போங்கள்.

ஏப்ரலில் போகிறவர்கள் பழைய சப்பாத்துப் போட்டுக்கொண்டு போகவும். மட் கிறீக் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. டொன் படைக் களி ஒருக்கால் சப்பாத்தில் ஒட்டினால் லேசில் விடாது, நல்ல செங்கல் மண் அது.